உள்ளுறை

ஏரி இருபத்தேழு சென்டிமீட்டர் கெட்டித்த அன்று
தம்பி வந்தான்,
பதினோரு வருஷம் கழித்து, ஒரு சங்கிலி ரம்பத்தோடு.
வா என்றும் சொல்லவில்லை நான்,
போ என்றும் சொல்லவில்லை.
பனிக்கட்டி அறுக்க ஆள் வேண்டியிருந்தது.

லேனா ஆற்றுக்கு அப்பால் எங்கள் ஊரில்
குழாய் என்பது கோடைகாலப் பேச்சு.
குளிர்காலத்துக் குடிநீரை நவம்பரிலேயே
பாளம் பாளமாக அறுத்து
வாசலில் அடுக்கிவிடுவோம்,
விறகுக்குப் பக்கத்தில், விறகு மாதிரியே.

ஜூலையில் இதே ஏரி தேநீர் நிறம்.
மாவட்ட நீர் ஆய்வகத்தில் எனக்கு வேலை;
இரும்பு இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவு என்று
எழுதி எழுதி விரல் காய்த்துவிட்டது.
உறையும்போது மட்டும் நீர் கறாராகிவிடும்.
உப்பை வெளியே நிறுத்தும்,
இரும்பை வெளியே நிறுத்தும்,
தன் இனம் தவிர யாரையும் படியேற விடாது.
அப்படியொரு சுத்தம் எனக்கும் இருந்தது,
என் புள்ளிக் குதிரை சுவோகூரை
என்னைக் கேட்காமல் இவன் விற்ற நாளிலிருந்து.

அறுத்த பாளம் கறுத்த நீரில் மிதந்தது.
பன்னிரண்டில் ஒரு பங்கு மேலே,
மிச்சமெல்லாம் உள்ளே.
இறுகினால் கனக்கும் என்பது உலக வழக்கு.
நீர் இறுகினால் இலேசாகும்.
ஒவ்வொரு மூலக்கூறும் நாலு பேரைக் கைநீட்டிப் பிடித்து
விறைத்து நிற்கிறது, நடுவே வெற்றிடம்.
நெருங்காததால்தான் மிதக்கிறது.
கீழே, அடிச்சேற்றுக்கு மேலே,
நாலு டிகிரியில் நீரின் மிகக் கனமான படுகை.
அங்கே சோபோ மீன்கள்
எங்கள் ரம்பச் சத்தத்தைக் கேட்டபடி
அசையாமல் கிடந்திருக்கும்.

வீட்டில்,
ஒரு பாளத்தைக் கோடரியால் உடைத்து அண்டாவில் போட்டேன்.
பழக்கதோஷம், வெப்பமானியையும் தொங்கவிட்டேன்.
சுழியம்.
அவன் லார்ச் விறகு இரண்டு வைத்தான்.
சுழியம்.
இன்னும் இரண்டு.
அடுப்பின் இரும்பு சிவந்தது.
மேஜைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.
சுழியம்.

கொடுத்த சூடெல்லாம் எங்கே போகிறது?
பிடித்த கைகளை விடுவிக்கப் போகிறது.
பனியை வெறும் தண்ணீராக்கச் செலவாகும் சூட்டில்
அந்தத் தண்ணீரை எண்பது டிகிரிக்கு ஏற்றிவிடலாம்.
வெப்பமானியில் ஒரு கோடுகூடக் காட்டாது.
உள்ளுறை வெப்பம் என்பார்கள்.
உறைவது என்றால் இறுகுவது;
உறைவது என்றால் குடியிருப்பதும்தான்.

கடைசிச் சில்லு, நகத்தளவு,
சுற்றிச் சுற்றி வந்து
காணாமல் போனது.
பாதரசம் அரைக்கோடு நகர்ந்தது.

"சுவோகூருக்கு இடது முன்னங்கால் வீங்கியிருந்தது" என்றான்.
"சொன்னால் நீ விட்டிருக்க மாட்டாய்."

விட்டிருக்க மாட்டேன், என்றேன்.

அவ்வளவுதான்.
மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.
மூன்று டிகிரி. ஏழு. பன்னிரண்டு.
தேயிலை டப்பாவைப் பழைய இடத்தில் தேடினான்.
நான் எழுந்திருக்கவில்லை,
முகவாயால் காட்டினேன்.

வெளியே ஏரி இன்னும் தடித்துக்கொண்டிருந்தது.
உருகும்போது வாங்கிய சூட்டை
உறையும்போது ஒரு கொபெக் குறையாமல்
இருட்டுக்குத் திருப்பித் தருகிறது நீர்.
கணக்கு அப்படித்தான்.
மைனஸ் நாற்பதில் நின்று
அதில் குளிர்காய்ந்தவர் யாருமில்லை.

அண்டா பாதிதான் நிறைந்திருந்தது.
பாளம் கண்ணுக்குப் பெரிது, தண்ணீர் கம்மி.
இன்னொன்று கொண்டுவா, என்றேன்,
ஜுலுஸ்தான் என்று
பெயர் சொல்லி.